மூன்று விளையாட்டு, ஒரே உடம்பு

டிரையத்லான் பழக வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் சைக்கிளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எந்த சைக்கிள் வாங்கலாம், கார்பன் ஃபிரேம் தேவையா, எந்த வாட்ச் நல்லது என்று. நான் திருப்பிக் கேட்பது வேறு. ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்? ஆபீஸ் வேலை எப்படி? வீட்டில் கைக்குழந்தை உண்டா? காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள்? கேட்டவர் முகம் கொஞ்சம் வாடிவிடும். ஆனால் ஒருவர் ஆறு மாதம் அடிபடாமல் பழகி, பந்தயத்தைச் சிரித்த முகத்தோடு முடிப்பாரா என்பதைச் சைக்கிளின் விலையைவிட இந்தக் கேள்விகளின் பதில்தான் அதிகம் தீர்மானிக்கிறது. அது ஏன் என்று விளக்கத்தான் இதை எழுதுகிறேன். நீந்தவும் சைக்கிள் ஓட்டவும் ஓடவும் ஓரளவு தெரிந்த, ஆனால் மூன்றையும் சேர்த்துப் பழகியிராத ஒருவரை மனதில் வைத்திருக்கிறேன்.

முதலில் தூரங்களைப் பார்த்துவிடலாம். நீந்தி, உடனே சைக்கிள் ஏறி, இறங்கியதும் ஓட வேண்டும். கடிகாரம் நடுவில் நிற்காது. ஷூ மாட்டும் நேரமும் கணக்கில் சேரும். ஸ்பிரின்ட் என்றால் 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். ஒலிம்பிக் தூரம் 1.5, 40, 10 கி.மீ.; 2000 சிட்னி ஒலிம்பிக்கில்தான் இது முதலில் சேர்ந்தது. அதற்கு மேல் 1.9, 90, 21.1 கி.மீ. கொண்ட 70.3. மூன்றையும் மைலில் கூட்டினால் வரும் எண்தான் அந்தப் பெயர். கோவாவில் 2019இல் தொடங்கியது இந்தத் தூரப் பந்தயம்தான். கடைசியில் முழு ஐயன்மேன்: 3.8, 180, 42.2.

அந்தக் கடைசித் தூரம் வந்த கதை தெரிந்தால் ஒரு விஷயம் புரியும். ஹவாயின் ஓஹூ தீவில் ஒரு கடல் நீச்சல் போட்டி, தீவைச் சுற்றும் ஒரு சைக்கிள் பந்தயம், ஹொனலூலு மாரத்தான் என்று மூன்றும் தனித்தனியாக நடந்துவந்தன. யாருக்கு உடல் தெம்பு அதிகம், நீந்துகிறவருக்கா ஓடுகிறவருக்கா சைக்கிள்காரருக்கா என்ற வாதத்தைத் தீர்க்க, மூன்றையும் ஒரே நாளில் வைத்துவிடலாம் என்றார் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ். 1978 பிப்ரவரியில் 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்தார்கள். கோர்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடத்தில் முதலில் வந்தார். மனித உடம்புக்கு எவ்வளவு தாங்கும் என்று அளந்து யாரும் அந்தத் தூரத்தை வைக்கவில்லை. அதனால் புதிதாக வருகிறவர் அந்தப் பெரிய எண்ணைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம், முதல் வருடத்திலேயே அதைத் துரத்தவும் வேண்டாம். ஸ்பிரின்ட்டில் தொடங்குங்கள். ஏற்கெனவே ஓரளவு உடற்பயிற்சி இருப்பவருக்கு மூன்று மாதம் போதும்.

உடம்பின் வரவு செலவு

எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒரு கருத்து இருக்கிறது. பயிற்சி செய்யும்போது உடம்பு பலமாவதில்லை, பலவீனமாகிறது. ஒரு மணி நேரம் கடினமாக ஓடிவிட்டு வந்தவர், ஓடுவதற்கு முன் இருந்ததைவிட அந்த நிமிடம் மோசமான ஓட்டக்காரர். தசை நார்களில் நுண்ணிய சிதைவு, சேமித்து வைத்த சர்க்கரையில் குறைவு, வியர்வையில் போன நீர், களைத்த நரம்பு மண்டலம் என்று எல்லாமே செலவுப் பக்கம். அடுத்த ஒன்றிரண்டு நாளில் சாப்பாடும் தூக்கமும் கிடைத்தால் உடம்பு சிதைந்ததைச் சரிசெய்கிறது. அதோடு நிற்காமல் அடுத்த தடவைக்காகக் கொஞ்சம் கூடுதலாகவும் கட்டிவைக்கிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடுகிறது, தசைக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுகிறது. அந்தக் கூடுதல்தான் நாம் 'ஃபிட்னஸ்' என்று சொல்வது. அது வருவது நீங்கள் சோபாவில் சாய்ந்திருக்கும்போதும் தூங்கும்போதும். வரவு வருவதற்குள் மறுபடி செலவு செய்தால் கையிருப்பு குறைந்துகொண்டே போகும்.

மூன்று விளையாட்டு என்பதால் இங்கே ஒரு மயக்கம் வருகிறது. "நேற்று சைக்கிள், இன்றைக்கு நீச்சல், கால் ஓய்வெடுக்கிறதே" என்று தோன்றும். பாதி உண்மைதான். நீச்சலில் தோள், சைக்கிளில் தொடை, ஓட்டத்தில் கெண்டைக்கால் என்று அடிவாங்கும் இடம் மாறுகிறது. தசையில் சேமித்த சர்க்கரைகூட அந்தந்தத் தசைக்கே சொந்தம், தோளில் இருப்பதைத் தொடை கடன் வாங்க முடியாது. ஓட்டம் மட்டும் பழகுபவரைவிட டிரையத்லான் பழகுபவர் அதிக மணி நேரம் தாங்குவதற்கு இதுதான் காரணம். ஆனால் இதயம் ஒன்று, கல்லீரல் ஒன்று, நரம்பு மண்டலம் ஒன்று, ஹார்மோன் ஒன்று, ராத்திரி ஒன்று. ஆபீஸில் டெட்லைன் வாரம், குழந்தைக்குக் காய்ச்சல், ஊருக்குப் போய் வந்த பஸ் பயணம் எல்லாம் இதே கணக்கில்தான் பற்று விழுகின்றன. உடம்புக்குத் தனித்தனி நோட்டு கிடையாது.

இன்னொன்றும் உண்டு. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே முன்னேறிவிடும். எலும்பும் தசைநாணும் மெதுவாக, மாதக்கணக்கில்தான் பலப்படும். நன்றாகச் சைக்கிள் ஓட்டும் ஒருவர் ஓட ஆரம்பிக்கும்போது மூச்சு வாங்காது. அதனால் முதல் வாரமே 10 கி.மீ. ஓடிவிடுவார். மூன்றாவது வாரம் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பை அமுக்கினால் வலிக்கும். எனக்கு அப்படித்தான் நடந்தது. ஏழு வாரம் ஓட முடியவில்லை. மூச்சு தாங்குகிறது என்பதால் கால் தாங்கும் என்று நினைத்தது தவறு. ஓட்டத்தை மட்டும் நிமிடக் கணக்கில், வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். முதல் மாதம் நடையும் ஓட்டமும் கலந்து போனாலும் நஷ்டமில்லை.

மெதுவாகப் போகக் கற்றுக்கொள்வது

ஸ்டீபன் சீலர் என்ற அமெரிக்க விஞ்ஞானி நார்வேயில் இருந்துகொண்டு உலகத்தரப் படகோட்டிகள், பனிச்சறுக்கு வீரர்கள், ஓட்டக்காரர்கள் எப்படிப் பழகுகிறார்கள் என்று பார்த்தார். அவர்களுடைய பயிற்சிகளில் ஏறக்குறைய பத்தில் எட்டு மிக எளிதான வேகத்தில் இருந்தன; மீதி இரண்டு மட்டும் கடினம். நம்மில் பெரும்பாலோர் செய்வது நடுவில் ஒன்று. எளிதும் இல்லை, கடினமும் இல்லை. தினமும் கொஞ்சம் மூச்சிரைக்க, 'நல்லா செஞ்சோம்' என்ற திருப்தியோடு முடிகிற வேகம். களைப்பு கடினப் பயிற்சி அளவுக்கு வரும், பலன் அந்த அளவுக்கு வராது.

எளிது என்றால் எவ்வளவு எளிது? பக்கத்தில் ஓடுகிறவரிடம் நேற்று ஆபீஸில் நடந்ததை முழு வாக்கியமாகச் சொல்ல முடிய வேண்டும். இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். இதயத் துடிப்பு பார்க்கும் வாட்ச் இருந்தாலும் இந்தப் பேச்சுச் சோதனையை நான் அதிகம் நம்புகிறேன். 220இலிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்சத் துடிப்பு வரும் என்ற சூத்திரம் வெறும் சராசரி. ஆளுக்கு ஆள் பத்து, பதினைந்து துடிப்பு மாறும்.

சென்னை மாதிரி ஊரில் இது இன்னும் முக்கியம். புழுக்கத்தில் ஓடும்போது உடம்பு சூட்டை வெளியேற்றத் தோலுக்கு இரத்தத்தை அனுப்புகிறது. வியர்வையால் இரத்தத்தின் அளவும் குறைகிறது. அதே வேகத்துக்கு இதயம் வேகமாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. ஜனவரி காலையில் ஒரு கி.மீ.க்கு 6 நிமிடம் 'எளிது' என்றால், மே மாதம் அதே 6 நிமிடம் கடினப் பயிற்சி. வேகத்தைப் பார்க்காமல் மூச்சைப் பார்த்து ஓடுங்கள். குளிர்ந்த ஊரிலிருந்து வருபவருக்கு வெயில் பழகப் பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் ஆகும். ஏசி அறையிலிருந்து நேராகப் பந்தயத்துக்குப் போகிறவரும் அப்படித்தான்.

வாரத்துக்கு ஆறேழு மணி நேரம் ஒதுக்க முடிந்த ஒருவருக்கு நான் சொல்வது இது. திங்கள் ஓய்வு. செவ்வாயும் வெள்ளியும் நீச்சல், முக்கால் மணி நேரம். புதன் ஓட்டம், அதில் நடுவில் ஐந்தாறு தடவை மூன்று நிமிடம் வேகமாக. வியாழன் ஒரு மணி நேரம் சைக்கிள். முடிந்தால் அதிலும் கொஞ்சம் கடினம். சனி நீண்ட சைக்கிள். ஞாயிறு மெதுவான நீண்ட ஓட்டம். கடினமானது வாரத்துக்கு இரண்டுதான், அதற்கு மேல் வேண்டாம். மூன்று வாரம் கூட்டிக்கொண்டே போனால் நான்காவது வாரம் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் அடுத்த நாள் அதையும் சேர்த்துச் செய்ய வேண்டாம். போனது போகட்டும்.

சனிக்கிழமை சைக்கிளிலிருந்து இறங்கியதும் பத்து, பதினைந்து நிமிடம் ஓடிப் பாருங்கள். இதைத்தான் 'பிரிக்' என்கிறார்கள். முதல் தடவை கால் உங்களுடையது மாதிரியே இருக்காது; மரக்கட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவது போலிருக்கும். சுழற்றியே பழகின கால், தரையை மிதிக்கும் அசைவுக்கு மாறச் சில நிமிடம் கேட்கிறது. நாலைந்து தடவை பழகினால் பந்தயத்தன்று பயம் வராது.

நீச்சலைப் பற்றிச் சுருக்கமாக. நீரில் தெம்பைவிட நுட்பம்தான் பேசும். தலையைத் தூக்கினால் கால் தாழும், கால் தாழ்ந்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கும். முகம் நீருக்குள் இருக்கும்போதே மூச்சை முழுக்க விடுங்கள். 'மூச்சு போதவில்லை' என்பவர்களில் பலருக்கு உண்மையில் விடாததுதான் பிரச்சினை. ஒரு கோச்சிடம் பத்து வகுப்பு போவது தனியாக ஆறு மாதம் நீந்துவதைவிட மேல். அப்புறம், கடல். டிரையத்லான் பந்தயங்களில் நடக்கும் இறப்புகளில் பெரும்பகுதி நீச்சல் கட்டத்தில்தான். வங்கக் கடலின் இழுப்பு மெரினாவில் எத்தனை பேரைக் கொண்டுபோயிருக்கிறது என்று நமக்குத் தெரியும். தனியாகக் கடலில் இறங்காதீர்கள். துணைக்கு ஆளும், பளிச்சென்ற நிறத்தில் இடுப்பில் கட்டும் மிதவையும், அந்த இடத்து மீனவர்களின் யோசனையும் இல்லாமல் வேண்டவே வேண்டாம். நாற்பது தாண்டியவர், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர், நெஞ்சில் அழுத்தமோ மயக்கமோ வந்திருப்பவர் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

கோவளம் தாண்டி ஒரு டீக்கடை

திருவான்மியூரிலிருந்து ஈசிஆரில் மாமல்லபுரம் போய்த் திரும்பினால் சுமார் 90 கி.மீ., அதாவது 70.3 பந்தயத்தின் சைக்கிள் தூரம். நான் முதல் தடவை போனபோது விடியற்காலை நாலரைக்கு வெறும் காபி குடித்துவிட்டுக் கிளம்பினேன். கையில் இரண்டு பாட்டில் தண்ணீர், அவ்வளவுதான். போகும்போது பறந்தேன். திரும்பும்போது, கோவளம் தாண்டியதும், திடீரென்று உடம்பு அணைந்த மாதிரி ஆகிவிட்டது. கால் வலிக்கவில்லை, மூச்சும் வாங்கவில்லை. மிதிக்க வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை. கை லேசாக நடுங்கியது. கியரை மாற்ற எந்த விரல் என்று ஒரு நொடி யோசிக்க வேண்டியிருந்தது.

ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். கடைக்கார அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, காலைல ஒண்ணும் சாப்பிடாம வந்துட்டியா?" என்று கேட்டு, சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் இரண்டு பன்னும் எடுத்து வைத்தார். இருபது நிமிடத்தில் உலகம் மறுபடி நிறத்தோடு தெரிந்தது. அந்த அக்கா கேட்டது ஒன்றுதான் கோளாறு.

உடம்பு மாவுச்சத்தைக் கிளைகோஜன் என்ற வடிவத்தில் சேமிக்கிறது. தசைகளில் சுமார் 400 கிராம், கல்லீரலில் 100 கிராமுக்குள். மொத்தமாக ஏறக்குறைய 2,000 கலோரி. கொழுப்பு எல்லாரிடமும் வேண்டிய மட்டும் இருக்கிறது. ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். வேகம் கூடக்கூட உடம்பு கிளைகோஜனைக் கேட்கும். ராத்திரி தூங்கும்போதே கல்லீரல் இருப்பு கரைகிறது. காலையில் சாப்பிடாமல் மூன்று மணி நேரம் மிதித்தால் இரத்தச் சர்க்கரை இறங்கி, மூளைக்கே எரிபொருள் குறைகிறது. 1982இல் ஹவாய் ஐயன்மேனில் ஜூலி மாஸ் என்ற மாணவி முன்னிலையில் இருந்தபடியே கடைசிக் கட்டத்தில் திரும்பத் திரும்பக் கீழே விழுந்து, எல்லைக்கோட்டை நோக்கித் தவழ்ந்து போனார். சில மீட்டர் இருக்கும்போது கேத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்து வென்றார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்துத்தான் பலர் இந்த விளையாட்டுக்கு வந்தார்கள். மன உறுதி அவரிடம் குறைவில்லாமல் இருந்தது. வற்றிப்போன உடம்பு அதற்குக் கட்டுப்படவில்லை.

சரி, எவ்வளவு சாப்பிட வேண்டும்? ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற பயிற்சிக்குத் தண்ணீர் போதும். அதற்கு மேல் இரண்டரை மணி வரை என்றால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. அதையும் தாண்டினால் 60 முதல் 90 வரை போகலாம். குடல் குளுக்கோஸை மட்டும் மணிக்கு 60 கிராம் அளவுக்குத்தான் உறிஞ்சும். ஃப்ரக்டோஸ் வேறு வழியாக உள்ளே போவதால் இரண்டும் கலந்தால் இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போடலாம். பந்தயத்தின் நடுவில் பிழிந்து சாப்பிடும் விலை உயர்ந்த சர்க்கரை ஜெல்களில் செய்திருக்கும் வித்தை இதுதான். நம் வீட்டுச் சர்க்கரை இயற்கையிலேயே பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ்.

அதனால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மேசைக்கரண்டி சர்க்கரை (சுமார் 60 கிராம்), கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சம்பழம் கலந்து எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு அரை லிட்டர் குடித்தால் 30 கிராம். கூடவே ஒரு வாழைப்பழம் சாப்பிட்டால் இன்னொரு 25. கணக்கு முடிந்தது. கடலை மிட்டாய் நல்ல தீனிதான், ஆனால் அதில் கொழுப்பு அதிகம், மெதுவாகச் செரிக்கும். மெதுவான நீண்ட சைக்கிளுக்கு ஒத்துவரும், ஓட்டத்துக்கு வயிற்றைப் பிசையும். இளநீரைப் பலர் முழு மருந்தாக நினைக்கிறார்கள். அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் நாம் இழப்பதோ பெரும்பாலும் சோடியம். குடியுங்கள், கூடவே உப்புப் போட்ட எதையாவது சாப்பிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் உப்பு, பெருங்காயம் போட்ட நீர்மோர் மாதிரி வேறொன்று எனக்கு ஒத்துவந்ததில்லை.

வயிறும் பழக வேண்டிய உறுப்பு. பந்தயத்தன்று முதல் தடவையாக ஜெல் சாப்பிட்டால் வாந்திதான் வரும். நீண்ட சனிக்கிழமைகளில் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பழகுங்கள். பசிக்கும் வரை காத்திருந்தால் தாமதம்.

தண்ணீருக்கு ஒரு சின்னச் சோதனை. ஒரு மணி நேரம் ஓடுவதற்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, எடை பாருங்கள். 68 கிலோ 66.9 ஆகி, நடுவில் 300 மி.லி. குடித்திருந்தால், போன வியர்வை ஏறக்குறைய 1.4 லிட்டர். மழை நாளில் ஒரு தடவை, வெயில் நாளில் ஒரு தடவை பார்த்து எழுதிவையுங்கள். முழுவதையும் ஓடும்போதே ஈடுகட்டத் தேவையில்லை. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பது குறைவாகக் குடிப்பதைவிட ஆபத்தாகவும் முடியலாம். இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும், உயிருக்கே கேடாகும். நீண்ட பந்தயம் முடிந்து எடை கூடியிருந்தால் அது எச்சரிக்கை.

தட்டில் என்ன இருக்கிறது

அன்றாடச் சாப்பாட்டில் நான் பார்க்கும் பெரிய குறை புரதம். உடல் எடையில் கிலோவுக்கு 1.4 முதல் 1.6 கிராம் என்று வைத்துக்கொண்டால் 60 கிலோ உள்ளவருக்கு 85 முதல் 95 கிராம் வேண்டும். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பார்கள். ஒரு கரண்டி சாம்பாரில் வருவது இரண்டு மூன்று கிராம்தான். முட்டை ஒன்றில் 6, ஒரு டம்ளர் பாலில் 8, வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் 9, மீன் 100 கிராமில் 20. ஒரே வேளையில் அடைக்காமல் மூன்று நான்கு வேளையாகப் பிரித்து, வேளைக்கு 20 கிராமாவது வருகிற மாதிரி பாருங்கள். காலையில் நாலு இட்லி, சட்னியோடு முடித்துக்கொள்பவர் இரண்டு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் சேர்த்தாலே அந்த வேளை சரியாகிவிடும்.

சோற்றுக்குப் பயப்படாதீர்கள். எடை குறைய வேண்டும் என்று சோற்றை நிறுத்திவிட்டு, அதே வாரத்தில் எட்டு மணி நேரம் பழகுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையில் கவலையாக இருக்கிறது. செலவுக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகவில்லையென்றால் உடம்பு மற்ற வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தும். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நின்றுவிடும். ஆண்களுக்கு ஹார்மோன் குறையும். எலும்பு மெலிந்து நுண்முறிவு வரும். சளி, காய்ச்சல் விடாது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இலேயே இதற்கென ஒரு பெயர் வைத்து எச்சரித்திருக்கிறது. பயிற்சி தொடங்கியபின் மாதவிடாய் நின்றால் அது 'நல்லா பழகுறோம்' என்பதற்கு அடையாளம் இல்லை, மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம். நம் ஊரில் பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு சாதாரணம். படியேறவே மூச்சு வாங்குகிறது, எளிதான ஓட்டமும் கனக்கிறது என்றால் ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பாட்டோடு சேர்த்து டீ குடித்தால் இரும்பு உறிஞ்சப்படுவது குறையும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம்.

தூக்கம்தான் முதல் மருந்து

மசாஜ் கன், இறுக்கமான காலுறை, ஐஸ் பாத் எல்லாவற்றையும் என்னிடம் கேட்கிறார்கள். சுகமாக இருந்தால் செய்யுங்கள், பலன் சின்னது. எடை தூக்கிப் பழகிய உடனே ஐஸ் தண்ணீரில் உட்கார்வது தசை வளர்வதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தவும் செய்யும். தூக்கத்துக்கு முன்னால் இவை எதுவும் நிற்காது. ஆழ்ந்த தூக்கத்தில்தான் வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு சுரக்கிறது, பழுது பார்க்கும் வேலை நடக்கிறது. ஏழிலிருந்து ஒன்பது மணி நேரம் வேண்டும்.

நம் பிரச்சினை விடியற்காலை. வெயிலுக்கும் லாரிக்கும் பயந்து ஐந்து மணிக்கே ரோட்டில் இருக்க வேண்டியிருக்கிறது. ராத்திரி வேலை முடிந்து படுக்கப் பன்னிரண்டு ஆகிறது. நாலரை மணி நேரத் தூக்கத்தோடு கடினப் பயிற்சிக்குக் கிளம்புவதா என்று யாராவது கேட்டால், படுத்துத் தூங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஒரு பயிற்சி விட்டுப்போவதால் யாரும் தோற்றதில்லை. தூக்கக் கலக்கத்தில் நெடுஞ்சாலையில் சைக்கிள் ஓட்டுவது வேறு ஆபத்தும்கூட.

ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கண் விழித்ததும், எழுந்திருக்காமலேயே, மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் நாடி எண்ணி, காலண்டரில் எழுதுங்கள். இரண்டு வாரத்தில் உங்கள் சாதாரண எண் தெரிந்துவிடும். 54 என்றிருந்தது இரண்டு நாள் தொடர்ந்து 61, 62 என்று வந்தால் உடம்பு எதையோ சுமக்கிறது. சரியாகத் தூங்காததாக இருக்கலாம், வரப்போகிற காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கு எளிதாக மட்டும், அல்லது ஒன்றுமே வேண்டாம். காரணமில்லாத எரிச்சல், பசியின்மை, களைத்தும் தூக்கம் வராமை, வழக்கமான வேகத்துக்கே மூச்சிரைப்பது என்று இவையெல்லாம் சேர்ந்து வந்தால் ஒரு வாரம் நிறுத்துங்கள். அதை மீறித் தள்ளினால் சரியாக மாதக்கணக்கில் ஆகும்.

வலியிலும் வகை உண்டு. பயிற்சிக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ இரண்டு காலிலும் பரவலாக வரும் வலி தானாகப் போகும். ஒரு காலில், ஒரு விரல் வைத்துக் காட்டக்கூடிய இடத்தில், ஓட ஓடக் கூடுகிற வலி வேறு. அதற்கு ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் பரிசோதிக்க வேண்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு நீண்ட பந்தயம் ஓடாதீர்கள். நீர் வற்றிய உடம்பில் இபுபுரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். கடுமையான பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கருங்காபி நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலோடு பழகவே கூடாது. வைரஸ் காய்ச்சல் சில பேருக்கு இதயத் தசையையும் தொடும். காய்ச்சல் விட்டு, பசி திரும்பி, மாடிப்படி சாதாரணமாக ஏற முடிந்த பிறகு நடையிலிருந்து தொடங்குங்கள். சிக்குன்குனியா வந்தவர்களுக்கு மூட்டு வலி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இருக்கும். அவர்கள் ஓட்டத்தைத் தள்ளிவைத்து நீச்சலிலிருந்து ஆரம்பிக்கலாம்.

பந்தயத்துக்கு முந்தைய நாட்கள்

கடைசி பத்து நாளில் பயிற்சி நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். வேகத்தை விட்டுவிடாமல் சின்னச் சின்னதாக வைத்துக்கொள்ளலாம். இதற்கு 'டேப்பர்' என்று பெயர். இந்த நாட்களில் கால் கனக்கும், எல்லாம் மறந்துவிட்ட மாதிரி பயம் வரும், 'கடைசியா ஒரு தடவை முழு தூரம் போய்ப் பார்த்துடலாமா' என்று மனம் அரிக்கும். போகாதீர்கள். இந்தப் பத்து நாளில் புதிதாக எதையும் சேர்க்க முடியாது. மாதக்கணக்கில் செய்த செலவுக்கான வரவு இப்போதுதான் வந்து சேர்கிறது.

அன்று காலை, தொடங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பு சாப்பிடுங்கள். எடை 60 கிலோ என்றால் சுமார் 120 கிராம் மாவுச்சத்து: ஆறு நடுத்தர இட்லி, இரண்டு வாழைப்பழம், சர்க்கரை போட்ட காபி. சாம்பாரை அன்றைக்கு ஒதுக்குங்கள். காரமும் நாரும் நீச்சலின் நடுவில் வயிற்றைப் புரட்டும். இட்லிக்குச் சர்க்கரை தொட்டுக்கொண்டால் போதும். பழகாத சாப்பாடு, புது ஷூ, புது கண்ணாடி எதுவும் வேண்டாம்.

முடித்ததும் ஒரு மணி நேரத்துக்குள் சோறும் தயிரும் முட்டையும், எது கிடைக்கிறதோ அது. அடுத்த ஒரு வாரம் அட்டவணை இல்லை. நடக்கலாம், தோன்றினால் குளத்தில் மிதக்கலாம். உப்புக் காற்றில் போய் வந்த சைக்கிளைக் கழுவி, செயினைத் துடைத்து எண்ணெய் போட்டுச் சுவரில் சாய்த்துவையுங்கள். அடுத்த திங்கள் வரை அதில் ஏற வேண்டாம்.